சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டம்மா

2022 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் வழக்கம்போல் எழுந்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை போட்டு, பேப்பர் படித்து முடித்தபோது மச்சான் காரோடு வந்தார். நெம்மேலியில் கடலோரமாக ஒரு வீட்டை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். நான், என் மனைவி, அவள் தம்பியான இவர், மூவரும் கிளம்பினோம்.

சர்க்கரை வந்ததிலிருந்து எனக்குப் பொரித்த மீன் கிடையாது. சுட்ட மீனை அளவோடு சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்காகவே மச்சான் கரி அடுப்பு ஒன்று வாங்கியிருந்தார்.

போய் இறங்கியதும் பக்கத்து வீட்டு கேட்டை மறித்தாற்போல் காரை நிறுத்தினார். தள்ளி நிறுத்தச் சொன்னேன். "வுடு மாமா, யாரு வரப்போறா?" என்றார். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மதியம் மொட்டை மாடியில் சங்கரா மீன் சுட்டோம். கருகிய ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எண்ணெயே இல்லியே மாமா, இன்னொன்னு துன்னு" என்றார் மச்சான். எனக்கும் ஆசை விடவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பை ஹாலுக்குத் தூக்கி வந்தோம். சாரல் அடித்ததால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினோம். கரி நன்றாகக் கனிந்து புகையே இல்லாமல் இருந்தது. அதனால் பயமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. குமட்டுகிறது என்று மனைவி சோபாவில் சாய்ந்தாள். "ஓவரா துன்னுட்டக்கா" என்று சிரித்த மச்சான், சிரித்தபடியே தரையில் படுத்துவிட்டார். எனக்கும் கண் சொருகியது.

யாரோ கதவை இடித்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை. தாழ் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டம்மா குடையோடு உள்ளே வந்தார்.

"இன்னாய்யா, கேட்டாண்ட வண்டியப் போட்டுட்டு உள்ள தூங்கினு கீறீங்க? எங்க ஆட்டோ எப்பிடி வெளிய வரும்?"

சொல்லிக்கொண்டே எங்கள் முகங்களைப் பார்த்தார். நடுவில் இருந்த நெருப்பைப் பார்த்தார். அப்புறம் திட்டவில்லை. குடையை எறிந்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தார். மனைவியின் அக்குளில் கைகொடுத்து மழைக்கு இழுத்துப் போனார். அவர் கூப்பிட்ட சத்தத்தில் கணவர் ஓடிவந்து எங்கள் இருவரையும் வெளியே கொண்டுவந்தார். மச்சானின் சட்டைப் பையிலிருந்து அவரே சாவியை எடுத்து, அதே காரில் எங்களை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார்.

ஆக்சிஜன் வைத்தார்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்றார் டாக்டர். மீனைக் குறை சொல்லவில்லை. சுட்டே சாப்பிடுங்கள், அளவாகச் சாப்பிடுங்கள், ஆனால் வெட்டவெளியில் சுடுங்கள் என்றார்.

எதையும் ஒழுங்காக வைக்கிறவன் நான். அன்று என் பேச்சைக் கேட்டு மச்சான் காரை ஒழுங்காக நிறுத்தியிருந்தால், அந்தக் கதவை யாரும் இடித்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் முதல் வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போனோம். மனைவி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அட, அழுதுகினு நிக்காதம்மா. உள்ள வாங்க, நாஸ்தா துன்னுட்டுப் போலாம்" என்றார்.

அவர் வைத்த ஆப்பத்தை மூவரும் சாப்பிட்டோம். அன்றிலிருந்து காலையில் எனக்குப் பசி எடுக்கும்போதெல்லாம், அது அந்த அம்மா கொடுத்தது என்றே நினைத்துக்கொள்கிறேன்.