இடி இடிச்ச அன்னைக்கு நான் பிடுங்கின ப்ளக்

ஷிண்டே பாவு போயிட்டார்.

காலையில பால் வாங்கப் போனப்ப கீழ் வீட்டு அம்மா சொன்னாங்க. நேத்து சாயந்திரம் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவர்தானாம்...

தேஹு ரோட்டுல எங்க பக்கத்துப் பழைய ஆளுங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும். வீடு வீடா இன்டர்நெட் வயர் இழுத்தவர். பழுதுன்னு போன் போட்டா ஸ்கூட்டர்ல வந்து நிப்பார்.

மராத்தில பாவுன்னா அண்ணன், வஹினின்னா அண்ணி. "வஹினி, நெட் மட்டும்தான் ரிப்பேரா, இட்லியும் இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டேதான் செருப்பைக் கழட்டுவார்.

2008 வாக்கில எங்க பொண்ணு ஜெர்மனில ஏழு மாசக் கர்ப்பம். எங்களால போக முடியல. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கம்ப்யூட்டர்ல அவ முகத்தைப் பார்க்கிறதுதான்... அதை வச்சுத்தான் எனக்கு வாரம் ஓடும்.

அந்த ரூட்டர் டப்பா நடுநடுவுல நின்னுடும். பொண்ணு வாயைத் திறந்தபடி அப்படியே நிப்பா.

ஒரு சனிக்கிழமை பாவு லேப்டாப்போட வந்தார். "டப்பாவை மாத்த வேணாம் வஹினி. உள்ள இருந்து அதை ஓட்டுற ப்ரோக்ராம், ஃபர்ம்வேர்னு சொல்லுவோம், அது பழசு. கம்பெனிக்காரன் அதுல இருந்த தப்பைத் திருத்திப் புதுசு விட்டிருக்கான், அதை ஏத்திடலாம்."

எனக்குப் படிப்பு அஞ்சாவதோட சரி. முழிச்சேன்.

"தோசை ஊத்திட்டு பாதி வேகும்போது எடுத்தா என்ன ஆகும்?"னார். பிஞ்சிடும்னேன். "அதேதான். பச்சை லைட் அசையாம நிக்கிற வரைக்கும் ஸ்விட்ச்ல கை வைக்காதீங்க."

தலையாட்டினேன். நல்லாத்தான் ஆட்டினேன்.

அவர் ஏத்த ஆரம்பிச்சு, பாதியில மழை பிடிச்சுது. மொட்டை மாடில வயர் பாக்ஸை மூடிட்டு வரேன்னு ஓடினார்.

ஒரு இடி... முந்தின வருஷம்தான் எங்க பில்டிங்ல இடி விழுந்து ரெண்டு வீட்டு டிவி போயிருந்துச்சு. அதிலிருந்து இடி கேட்டா என் கை தானா போய் எல்லா ப்ளக்கையும் பிடுங்கும். டிவி, ஃப்ரிட்ஜ்... அந்த டப்பாவோடதையும் பிடுங்கிட்டேன்.

பாவு வந்து பார்த்தார். திரும்பச் சொருகினார். டப்பாவுல எல்லா லைட்டும் ஒண்ணா எரிஞ்சுது, அவ்ளோதான். டப்பா செத்துப் போச்சு.

அந்த நேரம் பார்த்து எங்க வீட்டுக்காரர் டிப்போ வேலை முடிஞ்சு நனைஞ்சுக்கிட்டு வந்தார். அவர் கோவம் ஊருக்கே தெரியும். "யார் பண்ணின வேலை இது? நாளைக்குப் பொண்ணு காத்துக்கிட்டு இருப்பாளே!"

பாவுதான் முந்திக்கிட்டார். "கரண்ட் போயிடுச்சு சாப். மழை வரும்னு தெரிஞ்சும் ஆரம்பிச்சேன், என் தப்பு."

மறுநாள் மத்தியானம் தன் வீட்டு ரூட்டரைக் கழட்டிக்கிட்டு வந்து மாட்டினார். சாயந்திரம் பொண்ணு எழுந்து நின்னு, பக்கவாட்டுல திரும்பி வயித்தைக் காட்டினா.

எங்களுக்குப் புது டப்பா வர வரைக்கும் அவர் வீட்டுல நெட் இல்ல. கேட்டா, "எங்க வீட்டுல இப்பதான் எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறாங்க வஹினி"ன்னு சிரிப்பார்.

இத்தனை வருஷம் நான் வாயே திறக்கல. இன்னைக்கு பாவு வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுதேன்.

"தெரியும்டி"ன்னார். "நான் உள்ள வந்தப்ப ஃபேன் ஓடிட்டு இருந்துச்சே, டிவி ப்ளக்கெல்லாம் பிடுங்கிக் கிடந்துச்சே. அந்த மனுஷன் தன் மேல போட்டுக்கிட்டு நிக்கிறான்... நான் என்னத்தைச் சொல்ல?"

போயிட்டு வாங்க பாவு.

வெளிய இடி இடிக்குது. ப்ளக்கைத் தொடல.