பின்னாலிருந்து சொன்ன சொல்

என் மனைவி, கண்டிக்குப் பக்கத்தில் கலஹா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். நிறைந்த கூடையோடு மலையில் இறங்கியும் ஒருநாளும் தடுமாறியதில்லை. போன வருடம் காதுக்குள் ஏதோ நோய் வந்து, நிற்கும்போதே தள்ளாடத் தொடங்கினாள்.

கண்டியில் அவளுக்கு நடைப்பயிற்சி கொடுத்த பெண் என்னிடம் சொன்னார்: "அவங்க நடக்கும்போது விழுறது, சறுக்குறதப் பத்தி பேசாதீங்க. கேட்டாலே ஒடம்பு சாயும்."

மனைவி உடனே தலையாட்டினாள். "மலையில நாங்களும் அப்புடித்தாங்க. கூடையோட எறங்குறப்ப ஊர்க்கதை பேசுவோம். விழுற பேச்சே எடுக்க மாட்டோம்."

நான் டவுன் துணிக்கடையில் வளர்ந்தவன். வாய்ப்பேச்சு ஆளைத் தள்ளுமா என்று சிரித்தேன்.

ஒரு மழைக்காலக் காலையில், அம்பிட்டியவில் எங்கள் வீட்டுப் படிகளில் அவள் தனியாக இறங்கினாள். பத்துப் படிகளை நன்றாகவே கடந்துவிட்டாள். அடுத்ததில் பாசி பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

"பாத்து! வழுக்கும், விழுந்துருவ!" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

அவள் கால் அந்தப் படியைத் தொடவேயில்லை. அப்படியே நின்றாள். தோள் மெல்லச் சரிந்தது; பிறகு ஆளே சரிந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அவள் என்னைத் திட்டவில்லை. ஆபரேஷன் முடிந்து, இப்போது ஊன்றுகோலுடன் அறைக்குள் நடந்து பழகுகிறாள். ஆனால் எழுவதற்கு முன், "கொஞ்சம் வெளிய இருங்க" என்பாள்.

கதவுக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்து கோலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் அது பாதியில் நின்றுபோகும். என்ன ஆச்சு என்று கேட்க வாயெடுப்பேன். கையால் பொத்திக்கொள்வேன்.