ஒரே ஒரு நாள் படித்த பள்ளி

பேத்தி தன் மகளை உக்குவளைப் பள்ளியில் சேர்க்க என்னையும் கூட்டிப் போனாள். குடும்பத்தில் யாராவது அங்கே படித்திருந்தால் இடம் கிடைக்குமாம். இன்று அது ஏ.எல். வகுப்பு வரைக்கும் உள்ள மூன்று மாடிப் பள்ளி.

கிளார்க் பழைய வரவு இடாப்பைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தது. அன்று பள்ளியாக இருந்த தகரக் கொட்டகையிலும் இதே வாடைதான்.

பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு முன்தினம் வாத்தியார் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கணக்குக் காட்டத் தலை பத்தலப்பா, ஒம் மகனை அனுப்பு."

"ஒரு நாளைக்குத்தானே? பொழுதுசாய ஆட்டுக்குப் புல்லறுக்கணும்," என்றார் அப்பா.

அண்ணன் சட்டையின் கையை மூன்று மடிப்பு மடித்துப் போட்டுப் போனேன்.

"கேள்வி கேட்டா சிரிடா, போதும்," என்றார் வாத்தியார். இன்ஸ்பெக்டர் கேட்டார், சிரித்தேன். மறுநாள் கொக்கோத் தோட்டத்தில் புல்வெட்டு.

"தாத்தா, வருசம் பூரா வந்திருக்கீங்களே! ஒரு நாள்கூட லீவு இல்ல!" என்றார் இடாப்பைப் புரட்டிய கிளார்க்.

பேத்தியின் முகம் மலர்ந்தது.

"இதில கையெழுத்துப் போடுங்க."

அவர் நீட்டிய பேனாவை வாங்காமல் கட்டை விரலை நீட்டினேன். அவர் இடாப்பைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். வாசலில் நின்ற என் கொள்ளுப்பேத்தியையும் பார்த்தார். பிறகு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.