எண்ணிக்கை சரியாக இருந்த தொட்டி

முப்பத்தேழு வரை எண்ணியதும் மீன் கூட்டம் கலைந்துவிட்டது. ரோஸ்விதா கண்ணாடியிலிருந்து விரலை எடுக்காமல் மூச்சு விட்டாள். மறுபடி முதலிலிருந்து. நியான் மீன்களை எண்ண அவள் ஒரு வழி வைத்திருந்தாள். தீனியை வலது ஓரத்தில் ஒரு சிட்டிகை மட்டும் போட்டால் எல்லாம் கயிறு பிடித்ததுபோல் நீண்டு போகும். அப்போது உடம்பைப் பார்க்கக் கூடாது, நீலக் கோட்டை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாம் தடவையும் முப்பத்தேழு. மூன்றாம் தடவையும் அதே.

தம்பி ஓட்மாரின் நோட்டில் நாற்பது என்று இருந்தது.

கோட்டு போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். சலவைக் கடையை எட்டு மணிக்கு அவள் போய்த் திறக்க வேண்டும். இருந்தாலும் வலையை எடுத்துச் செடிகளை விலக்கிப் பார்த்தாள். ஃபில்டரின் வாயைப் பார்த்தாள். முழங்காலிட்டு அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்தாள். குதித்து விழுந்து காய்ந்த மீன் என்றால் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒன்றும் இல்லை. மூடி போட்ட தொட்டிக்குள்ளிருந்து மூன்று மீன்கள் போயிருந்தன.

வெள்ளிக்கிழமை மூன்று வாங்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

ஓட்மார் பிப்ரவரியில் இறந்தான். ஐம்பத்தெட்டு வயது. கால்வாய் மதகில் முப்பது வருடம் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் சரக்குப் படகுகளை ஏற்றி இறக்கியவன். பகல் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் தண்ணீரையே பார்ப்பான். அம்மா போன பிறகு இருவரும் ஜெர்மனியின் ஹெர்னே நகரில் இந்த இரண்டாம் மாடி வீட்டில் பத்தொன்பது வருடம் ஒன்றாக இருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஒருமுறை ஆக இருந்தது. முன்னறையில் சோஃபா இருக்க வேண்டிய சுவரில் தொட்டி இருந்தது.

"இந்த வீட்ல ஒரு வேலையும் செய்யாம உக்காந்து சாப்பிடறது அதுங்கதான்" என்பாள்.

"பதிலுக்குப் பதில் பேசாதுல்ல ரோஸி, அதான் வச்சிருக்கேன்" என்பான்.

மருத்துவமனையிலிருந்து அவன் கடைசியாகப் போனில் பேசியபோது மூச்சுக்கு நடுவில்தான் வார்த்தை வந்தது.

"எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"எண்ணினியா?"

"எண்ணிட்டேன், எல்லாம் இருக்கு. நீ தூங்கு."

அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவள் எண்ணவில்லை. விடிந்ததும் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். அடக்கம் முடிந்த மறுநாள், நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல்முறையாக எண்ணினாள். தரையில் மேயும் கெளுத்தி எட்டு, சரி. கப்பி பன்னிரண்டு, சரி. ஏஞ்சல் இரண்டு, சரி. நியான் முப்பத்தெட்டு. அந்த இரண்டும் அவன் போன் செய்வதற்கு முன்பே போயினவா, பிறகு போயினவா என்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. வளர்ப்பு மீன் கடைக்குப் போய் இரண்டு வாங்கி வந்து விட்டாள். சொன்னது உண்மையாகிவிட்டது என்று அன்றைக்கு ஒரு நிம்மதி வந்தது.

அடுத்த வாரம் இரண்டு குறைந்தது. அதற்கடுத்த வாரம் நான்கு. கடைக்காரப் பெண் அவள் உள்ளே வரும்போதே பையில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள்.

"மறுபடியுமா? வீட்ல பூனை இருக்கா?"

"இல்ல."

"அப்ப வீட்டுக்காரரைக் கவனிங்க" என்று சிரித்தாள். ரோஸ்விதா சிரிக்கவில்லை. தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அதற்கு அந்தப் பெண் விரல் நீளத்தில் மூன்று சக்கர் மீன் கொடுத்தாள், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்றாள். ஓட்மாரின் நோட்டில் இல்லாத மீன்கள் அவை மூன்றும்தான். கோடைக்குள் அவை கை நீளத்துக்கு வந்துவிட்டன. தண்ணீர் முன்னைவிடக் கலங்கியது.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொள்வாள். மாலை ஆறுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நடப்பதுதான் அவளால் தாங்க முடியாதது.

மதகில் வேலை முடிந்து ஓட்மார் வீட்டுக்குள் நுழையும் நேரம் அது. இடது கால் சற்று இழுக்கும். தரைப் பலகையில் ஒரு கனமான அடி, ஒரு லேசான அடி என்று வந்து தொட்டியின் இடது மூலையில் குனிந்து நிற்பான். அங்கேதான் மூடியில் திறப்பு இருந்தது. அவன் போன பிறகும் அந்த நேரத்துக்கு நியான்களும் ஏஞ்சல்களும் இடது மூலைக்கு வந்தன. யாரும் நடக்கவில்லை, கதவு திறக்கவில்லை, அவை வந்து நின்றன. ரோஸ்விதா தீனி டப்பாவோடு அங்கே போய் நிற்பாள். மீன்கள் அவளைப் பார்க்காது. அவள் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே, ஓட்மாரின் முகம் இருக்கும் உயரத்தைப் பார்க்கும். மார்ச்சில் ஒருநாள் அவள் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு திரும்புவதில்லை.

கடையிலிருந்து வந்தவை வராது. அவை பாட்டுக்கு நடுவில் திரியும். அதனால் எது தம்பியுடையது, எது அவள் வாங்கியது என்று தினமும் அந்த நேரத்தில் தெரிந்துவிடும். ஏப்ரலில் இருபதுக்கு மேல் வந்தன. ஜூலையில் ஒன்பது. செப்டம்பர் முடியும்போது அந்த மூலைக்கு இரண்டே இரண்டு வந்தன, ஏஞ்சல்கள். உள்ளங்கை அகலம், தட்டைபோல் மெலிந்த உடம்பு, கறுப்புக் கோடுகள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் நின்று அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தன. நோட்டுப்படி எண்ணிக்கை அன்றும் சரியாக இருந்தது.

அக்டோபரில் ஒரு வியாழன் மதியம் மீன் வளர்ப்போர் சங்கத்திலிருந்து டில்மன் வந்தார். ஓட்மார் இரவல் வாங்கிய தண்ணீர் சோதனைப் பெட்டி அங்கே தேவைப்பட்டது. சுரங்கத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். காபி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தொட்டி முன்னால் போய் நின்றார். அவளை எப்போதும் குடும்பப் பெயரோடு, ஃப்ராவ் என்று மரியாதையாகவே கூப்பிடுவார்.

"ஃப்ராவ் பெட்னார்ஸ், இது தொட்டியா, ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பற டிராம் வண்டியா?"

"அவன் வச்சிருந்ததுதான். நான் ஒண்ணும் மாத்தல."

"இந்த மூணு தடியனுங்களையுமா அவன் வச்சிருந்தான்?" சக்கர் மீன்களைக் காட்டினார். "இதுங்க முழங்கை நீளம் போகும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு சென்டிமீட்டர் மீன், இதான் சங்கத்துக் கணக்கு. வளந்த நீளத்தைச் சொல்றேன், கடையில பாத்த நீளம் இல்ல. உள்ள நிஜமா இருக்கற தண்ணி இருநூறு லிட்டர். நீங்க நானூறு சென்டிமீட்டருக்கு மேல அடைச்சு வச்சிருக்கீங்க."

"எண்ணிக்கை சரியா இருக்கு" என்றாள். நோட்டை எடுத்து நீட்டினாள்.

அவர் நோட்டைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"இந்த நியான்ல பாதி குட்டிங்க. எப்ப வாங்கினீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளிக்கிழமை?"

அவள் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். டில்மன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பழைய நியான்கள் வயசாகியும், நெரிசலில் மூச்சு முட்டியும் செத்திருக்கும் என்றார். செத்ததைக் கெளுத்தியும் நத்தையும் விடிவதற்குள் தீர்த்துவிடும், அதனால்தான் பிணம் கிடைக்காது. குட்டிகள் கதை வேறு.

"ஏஞ்சல் வாய்க்குள்ள போறது எல்லாம் அதுக்குத் தீனிதான். அவனோட பழைய நியான்ங்க குண்டா இருந்துச்சு, வாய்ல நுழையல. கூடவே வளந்ததால அதுங்களை ஏஞ்சல் திரும்பியும் பாக்கல. நீங்க வாங்கிட்டு வந்தீங்களே, அதுங்க ஊசி மாதிரி. ஏழெட்டு மாசமா நீங்க வாராவாரம் அதுங்களுக்கு விருந்து வச்சிருக்கீங்க."

"ஓட்மார் கையிலேந்து தின்னும் அது ரெண்டும்."

"கையிலேந்து தின்னா வேற ஒண்ணையும் தின்னாதுன்னு யாரு சொன்னா? ஞாயித்துக்கிழமை சங்கத்துல மீன் மாத்தற நாள். அதுங்களைக் கொண்டு வாங்க. பெரிய தொட்டி வச்சிருக்கறவன் எவனாவது வருவான். இந்தத் தடியனுங்களை நானே எடுத்துக்கறேன்."

"அதுங்களைக் குடுக்க மாட்டேன்."

"அப்ப மத்ததைக் குடுங்க. ரெண்டையும் சேத்து வச்சிருக்க முடியாது."

"அதுங்க மட்டும்தான் வருது" என்றாள் ரோஸ்விதா.

"எங்க வருது?"

அவள் இடது மூலையைக் காட்டினாள். நேரத்தைச் சொன்னாள். டில்மன் வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சோதனைப் பெட்டியை வாங்கிக்கொண்டு, படியிறங்கும்போது மட்டும், "மீனுக்கு நேரம் தெரியும், ஃப்ராவ் பெட்னார்ஸ். ஆளைத் தெரியுமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல் மூன்று வாங்கினாள். சனிக்கிழமை மாலை விளக்கைக் குறைத்துவிட்டு, தீனி டப்பா இல்லாமல், தொட்டிக்குப் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஆறுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஏஞ்சல்கள் செடிகளிலிருந்து கிளம்பி வந்தன. இடது மூலை. ஒன்றையொன்று தொடாமல், துடுப்பு மட்டும் நடுங்க, வெறும் அறையைப் பார்த்து நின்றன. அறையில் ஒரு அசைவும் இல்லை. அவளும் அந்தத் திசையில், கதவுப் பக்கம், பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

புதிய நியான் ஒன்று வழி தவறியதுபோல் அந்த மூலைக்கு வந்தது. பெரிய ஏஞ்சல் திரும்பக்கூட இல்லை. தலை ஒரு விரற்கடை நகர்ந்தது. நீலக் கோட்டின் வால் முனை ஒரு நொடி அதன் வாயோரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. ஏஞ்சல் முன்பு நின்ற இடத்துக்கே வந்து, முன்பு பார்த்த உயரத்தையே பார்த்து நின்றது.

அவள் வெகுநேரம் எழவில்லை. ஓட்மாருக்காக நிற்கின்றனவா, அந்த மூலையில் எப்போதும் ஏதாவது கிடைக்கும் என்று நிற்கின்றனவா என்று யோசித்தாள். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்று தோன்றியது. அவன் வரும் நேரம் தெரிந்தது உலகத்தில் இந்த இரண்டுக்கும் அவளுக்கும்தான். மூவருமாகச் சேர்ந்து, எல்லாம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மற்றதைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, சங்கம் கூடும் மதுக்கடையின் பின்கூடத்தில் மேஜை முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். சங்கத்து வழக்கப்படி ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். மீனின் பெயர், வயது, தண்ணீரின் தன்மை, வளர்த்தவர் பெயர். ரோஸ்விதா இரண்டு ஏஞ்சல்களையும் வாளியிலிருந்து இறக்கிவிட்டு, சீட்டை எழுதி ஒட்டிவிட்டு, பக்கத்தில் நின்றாள். வாளி தூக்கி வந்ததில் கைகள் மரத்திருந்தன.

இல்ஹான் என்று ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். ஊர்ப் பேருந்து ஓட்டுகிறவர், வீட்டில் ஐந்நூறு லிட்டர் தொட்டி வைத்திருந்தார். சீட்டைப் படித்தார்.

"ஓட்மார் பெட்னார்ஸ் எங்க? அவர்கிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணும்."

"அவன் வரமாட்டான்."

"சாப்பிடப் போயிட்டாரா?"

"பிப்ரவரியில செத்துட்டான்."

அவர் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பக்கமாக வந்த டில்மன் சீட்டைப் பார்த்துவிட்டு அவள் காதோரம் சொன்னார்: "விதி என்னன்னா, கேள்வி கேட்டா பதில் சொல்ற ஆளோட பேரு வேணும். அவன் சொல்ல மாட்டான். உயிரோட இருந்திருந்தாலும் சொல்ல மாட்டான், அவன்தான் பேசவே மாட்டானே." பேனாவை நீட்டினார்.

அவள் தம்பியின் பெயரை அடித்துவிட்டு ரோஸ்விதா பெட்னார்ஸ் என்று எழுதினாள்.

"சரி, உங்களையே கேக்கறேன்" என்றார் இல்ஹான். "கூட என்ன மீன் இருந்துச்சு? ஒத்துப்போச்சா?"

"நாப்பது நியான் இருந்துச்சு. இப்ப இருக்கறதுல ஒண்ணும் அவனோடது இல்ல." பேனாவை டில்மனிடம் திருப்பிக் கொடுத்தாள். "அவன் கேட்டப்ப எல்லாம் இருக்குன்னு சொன்னேன். நான் எண்ணல. நான் வாங்கினதை இதுங்க தின்னுச்சு, அவனோடது என்னால போச்சு. சின்ன மீனோட விடாதீங்க."

இல்ஹான் அவளையும் மீனையும் மாறிமாறிப் பார்த்தார். "என்கிட்ட இருக்கறது எல்லாம் தட்டு மாதிரி பெரிசுதான். இதுங்க வாயில ஒண்ணும் போகாது" என்றார். "எப்ப தீனி போடணும்?"

அவள் நேரத்தைச் சொன்னாள்.

"அப்ப நான் வண்டியில இருப்பேனே. எட்டு மணிக்குப் போட்டா?"

"போடுங்க" என்றாள். "பழகிக்கும்."

திங்கட்கிழமை தூறல். ரோஸ்விதா சலவைக் கடைக்குப் போனாள், மதியம் ஒரு மணிக்குத் திரும்பினாள். டில்மன் இரண்டு வாளியோடு வந்து சக்கர் மீன்களையும் கப்பிகளில் பாதியையும் பிடித்துக்கொண்டு போனார். ஒரு சக்கர் மீன் வலையைக் கிழித்துவிட்டது, அதைத் திட்டினார். காபி குடித்தார். அவர் போனதும் அவள் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினாள், நனைந்த தரை விரிப்பைப் பால்கனியில் போட்டாள். மூன்று மணிக்கு இல்ஹானின் மனைவி போன் செய்து, பெரியது சாப்பிட்டது, சின்னது இன்னும் சாப்பிடவில்லை என்றாள். பரவாயில்லை, இரண்டு நாள் ஆகும் என்று ரோஸ்விதா சொன்னாள். ஐந்து மணிக்குப் பல் வைத்தியரிடம் நேரம் வாங்கியிருந்தாள். கூட்டம் இருந்தது, முடிந்து வெளியே வரும்போது ஆறரை, ஓட்மாரின் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. கீழ்த்தாடை மரத்திருந்ததால் இரவு சூப் மட்டும் குடித்தாள்.