புளி போட்டு விளக்கிய எருமை

உங்கள் வீட்டிலும் பழைய நாணயத்தைக் கண்டால் உடனே கழுவுகிறவர்கள் இருக்கிறார்களா? பழைய அமெரிக்க நிக்கல் காசுகளை வாங்கி, மதிப்புப் போட்டு, விற்றுக் கொடுப்பது என் தொழில். பென்டில் ஹில்லில் என் சமையலறை மேசைதான் கடை. மடியில் மகள், கையில் பூதக்கண்ணாடி. இந்தத் தொழிலில் அழுக்குக்குத்தான் மரியாதை. தேய்த்தால் மதிப்பு போச்சு.

தேதி இல்லாத காசு

மெல்பர்ன் பக்கம் வெரிபீயிலிருந்து ஒரு ஐடி தம்பி வீடியோவில் அழைத்து, எருமைப் படம் போட்ட ஐந்து சென்ட் நிக்கல் காசைக் காட்டினார். வருஷம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அந்தக் காசில் வருஷம் மேடான இடத்தில் இருக்கும், அதனால் அதுதான் முதலில் தேயும், வருஷம் இல்லாததற்குப் பெரிய விலை வராது என்று கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அக்கா, தேதியே இல்லைன்னா இன்னும் பழசுன்னுதானே அர்த்தம்?"

மூன்று கால்

அடுத்த தெரு புவனா அன்ரி, கப்பலில் வேலை பார்த்த தன் தம்பியின் பெட்டியிலிருந்து ஒரு காசு கொண்டுவந்தார். எருமைக்கு மூன்றே கால்! பூதக்கண்ணாடியை வைத்து இன்னொரு முறை எண்ணினேன். நாணயச்சாலையில் அச்சைத் தேய்த்தபோது ஒரு கால் அழிந்துபோய், அப்படியே அடித்துவிட்ட அரிய காசு அது. அதை விற்று, டொரோன்டோவில் மகளின் பிரசவத்துக்குப் போய்வர வேண்டும் என்றார் அன்ரி. "சனிக்கிழமை மெல்பர்ன்காரர் வாங்க வர்றார், பத்திரமா வைங்க" என்று மூன்று முறை சொன்னேன். "கழுவாதீங்க" என்று மட்டும் சொல்லவில்லை. அன்ரி சிரித்தார்: "ஊரில நொண்டி மாட்டை ஒருத்தரும் வாங்கமாட்டினம். இஞ்ச அதுக்கோ விலை, பிள்ளை?"

சனிக்கிழமை

அன்ரி பொட்டலத்தைப் பிரித்தார். காசு பளபளவென்று மின்னியது. முந்தின நாள் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு விளக்கி, சந்தனம் குங்குமமும் வைத்திருந்தார். மெல்பர்ன்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். அச்சு நிஜம்தான், ஆனால் காசின் பழைய மேல்தோல் போய்விட்டதே, பாதி விலைதான் என்றார். எனக்கு அழுகை வந்தது. அன்ரிக்கோ குழப்பம்: "வீட்டை விட்டுப் போற லட்சுமியை ஊத்தையோட அனுப்பலாமோ பிள்ளை?"

பாதி விலை

அந்தப் பாதி, ஒருவழி டிக்கெட்டுக்குத்தான் சரியாக வந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அன்ரி யோசிக்கவேயில்லை. காசைக் கொடுத்துவிட்டார். "போறதுக்குக் காணும்தானே. திரும்பி வாறதுக்கு மருமகன் போடட்டும். தம்பியின்ர பெட்டியில இன்னும் நாலு கிடக்கு, வடிவா விளக்கிக் கொண்டு வாறன்."

பூதக்கண்ணாடி பிடிக்க எத்தனையோ இரவுகள் கண்விழித்துக் கற்றேன், ஆனால் தொழிலில் எனக்கு உண்மையில் தேவைப்படுவது வாசல்வரை ஓடிப்போய்க் கேட்கும் இந்த ஒரு வரிதான்: "அன்ரி, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த நாலையும் குளிப்பாட்டாம கொண்டு வாங்க!"