என் ஈரலில் சேர்ந்த செம்பு

குருநகர்க் கரையில் மீன் ஏலம் கூறுவது என் தொழில். ஒரு கட்டத்தில் திடீரென்று நாக்கு தடிக்கத் தொடங்கியது. விலையைச் சொல்ல வாயெடுத்தால் சொல் குழறியது, கை நடுங்கியது. "விடியவே ஊத்திப்போட்டு வந்து நிக்கிறான்" என்று பின்னால் கதைத்தார்கள். நான் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. கடைசியில் ஏலத்துக்கு வேறொருவரை விட்டார்கள். நான் ஐஸ் உடைக்கப் போனேன்.

கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் என் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையத்தைக் கண்டுபிடித்தார். இரத்தமும் சோதித்தார்கள்.

"அண்ணை, சாப்பாட்டிலை வாற செம்பை உங்கடை ஈரலாலை வெளியேத்த ஏலாது. ஈரலிலையும் மூளையிலையும் சேர்ந்துபோச்சு. இது பிறவிக்குறை, குடியாலை வந்ததில்லை."

அந்தக் கடைசி வார்த்தையைக் கரை முழுக்கக் கூவிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

செம்பு உடம்பில் சுவறாமல் தடுக்க சிங்க் குளிசை தந்தார். வெறும் வயிற்றில் போட வேண்டும். நண்டு, இறால், கணவாய் கூடாது. இறால் இல்லாத கூழையும் குடித்துப் பழகினேன். ஆனால் மாதங்கள் போயும் வருத்தம் குறையவில்லை. சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் பூட்டிவிட்டாள்.

அவள்தான் ஒருநாள் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, என்ரை அண்ணை கனடாவிலையிருந்து அனுப்பின சத்துக் குளிசையையும் விழுங்குறியள். அதை டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?"

காட்டவில்லை. ஈரலுக்குப் பலமென்று மச்சான் ஆசையாக அனுப்பியது. அடுத்த கிளினிக்குக்குப் போத்தலையும் கொண்டுபோனோம்.

"இதிலை செம்பும் கிடக்கு, இரும்பும் கிடக்கு" என்றார் டொக்டர். "இதோடை சேத்து விழுங்கினால் சிங்க்கும் ஒழுங்காச் சுவறாது. மற்ற ஆக்களுக்குச் சத்து, உங்களுக்குப் பாரம். இனித் தலையிடிக் குளிசையெண்டாலும் கேட்டுப்போட்டுப் போடுங்கோ. பழுதுபட்ட ஈரலிலை மருந்து கெதியாய்க் கழியாது, தேங்கி நிக்கும்."

மனைவி அன்றே தமையனுக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, உங்கடை அன்பு போதும். குளிசை வேண்டாம்."

அந்தக் குளிசையை விட்ட பிறகு உடம்பு மெல்ல மெல்லத் திருந்தியது. முதலில் பொத்தான் என் கைக்கு வசப்பட்டது. பிறகு கையெழுத்து. சைக்கிளில் போகும்போது மீன் பெயர்களை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். சனம் திரும்பிப் பார்க்கும், பார்க்கட்டும்.

ஒரு காலை ஏலம் கூறுபவருக்குக் காய்ச்சல். வியாபாரிகள் பொறுமையிழந்து நின்றார்கள். படகுக்காரரான சம்மாட்டியார் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். "ஏலுமோ?"

"ஓம்."

பாரை மீன் குவியலுக்கு முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன், சொற்கள் சுத்தமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து வந்தன. பிறகு வியாபாரிகள் விலை கேட்கும் ஒரே சத்தம்! கடைசிக் கூடை விலைபோகும்வரை நான் நிறுத்தவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டேன். குரலே எழும்பவில்லை. நோயால் இல்லை, கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது.