மேடையில் விழுந்த இத்தாலிக் கிழவர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வாயும் நிற்காது. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நடந்த அத்தனைக்கும் ஆரம்பம் என் வாய்தான். முப்பதுகளின் தொடக்கத்தில் கித்துல்கலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். ஒரே அறை, ஒரே கரும்பலகை. பேசிப் பழக ஆள் இல்லாததால் கிடைத்தவரிடம் எல்லாம் பேசினேன்.

அந்த வருஷம் கொழும்பில் பழைய புத்தகம் விற்பவனிடம் அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பாவில் வாழ்ந்த சிலரைப் பற்றியது. ஒருவர், இருதயம் ஒரு பம்பு, இரத்தம் உடம்பைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று கண்டுபிடித்தார். ஒருவர் ஜன்னலை அடைத்து, சின்ன ஓட்டை வழியாக வந்த வெயிலைக் கண்ணாடிக் கட்டியில் பிடித்து ஏழு நிறமாகப் பிரித்தார். ஒல்லாந்தில் ஒரு ஜவுளி வியாபாரி, கடை வேலை போக மீதி நேரத்தில் கண்ணாடிச் சில்லைத் தேய்த்துத் தேய்த்து, அதன் வழியாக ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீரைப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டி ஜீவராசிகள் நீந்திக்கொண்டிருந்தன. இத்தாலியில் ஒரு கிழவர் குழாயை வானத்துக்குத் திருப்பி, வியாழனைச் சுற்றி நாலு சந்திரன்கள் ஓடுவதைக் கண்டார். அதே காலத்தில் ஐரோப்பியப் பட்டாளம் இந்தப் பக்கம் வந்து ருவன்வெல்லையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நம் ஆட்களுக்கு அந்தச் சனங்களில் பட்டாளத்தைத்தான் தெரியும். நல்ல ஆட்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

இதையெல்லாம் நான் கொட்டித் தீர்த்தது ராஜபார்ட்காரரிடம். அவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, ஐம்பது தாண்டியவர். தோட்டத்துக் கூத்தில் இருபது வருஷமாக ராஜா வேஷம் கட்டியதால் அந்தப் பெயர். பகலில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் முதுகு நிமிர்ந்தே இருக்கும். வியாழனுக்கு நாலு சந்திரன் என்று கேட்டதும் அவருக்கு வேறு கணக்கு ஓடியது.

"அப்ப எம் மகளுக்கு வியாழ நோக்கமும் நாலு பங்கா வரணுமே, வாத்தியாரய்யா? ஒரு பங்குக்கே ரெண்டு வருசமா காத்துக்கிட்டிருக்கோம்."

மகளுக்கு ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை அப்போதுதான் அமைந்திருந்தது. வைகாசியில் கல்யாணம். வீட்டில் ஒரே பெண். அவளைப் பற்றிப் பேசினால் அவர் ராஜாக் குரல் இறங்கிவிடும்.

தை மாதம் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் மலைச்சரிவில் குழாயாக விழும் பீலி ஒன்றுதான். என் வகுப்பு பாதி காலி. ராஜபார்ட்காரர் ஒரு காலை பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், எல்லார் முன்னாலும், ஆட்களுக்கெல்லாம் மேலாளான பெரிய கங்காணியைப் பார்த்துச் சொன்னார்:

"பீலிக்கு மேல ஒங்க மாட்டுப்பட்டி இருக்குங்க. அதுல வழியிற தண்ணியத்தான் பிள்ளைங்க குடிக்குது. தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கு. ஒல்லாந்துல ஒரு ஜவுளிக்கடை மொதலாளி பாத்திருக்காரு."

அந்த ஜவுளி வியாபாரி நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரில் ஜீவராசி உண்டு என்றதோடு சரி. அதையும் மாட்டுப்பட்டியையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் ராஜபார்ட்காரர்தான். ஆனால் கயிறு கொடுத்தவன் நான்.

பெரிய கங்காணி கெட்டவர் அல்ல. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடத் தகரம் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். மாடு என்றால் உயிர். அவர் மாட்டைக் குறை சொல்வது அவரைக் குறை சொல்வதைவிடப் பெரிய குற்றம், அதுவும் பெரட்டுக் களத்தில். கோயில் சபைக்கும் அவர்தான் தலைவர். அன்று சாயந்தரமே கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூட்டினார். சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பு.

எங்கள் தோட்டத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். விழுந்தவரைத் தலைவர் குனிந்து, இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி, நெற்றியில் திருநீறு பூசுவார். தப்புப் பறை ஒரு முறை முழங்கும். அத்தோடு வழக்கு முடிந்தது, அதைப் பற்றி யாரும் மறுபடி வாய் திறக்கக் கூடாது. விழுந்தவனைத் தூக்காமல் கிடக்க விடுவது தலைவருக்குத்தான் அவமானம், அவன் எப்பேர்ப்பட்ட திருடனாக இருந்தாலும் சரி.

"இருக்கிறதத்தான் சொன்னேன். அதுக்கு எதுக்கு விழணும்?" என்றார் ராஜபார்ட்காரர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவரை ஒதுக்கி வைத்தார்கள். கோயிலில் திருநீறு கிடையாது, அவர் வீட்டு விசேஷத்துக்குத் தப்பு வராது, யாரும் வாசல் மிதிக்கக் கூடாது. ஒரு வாரத்தில் ஓப்பநாயக்கவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள்: ஒதுக்கி வைத்த வீட்டில் பெண் எடுக்க மாட்டோம், மாசி முடிவதற்குள் சபையோடு சேர்ந்துகொண்டால் கல்யாணம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம். அந்தப் பெண் பீலிக்குத் தண்ணீர் எடுக்க வரும்போது எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். பெரிய கங்காணியிடம் போய்ச் சத்தம் போட்டேன். "ஸ்கூலு தொரையோடது, அதுல நீங்க என்ன வேணா பேசுங்க. கோயிலு என்னோடது" என்று மோர் கொடுத்து அனுப்பினார்.

மாசியில் ரப்பர் மரம் இலை கொட்டும். பால் குறைந்து வேலையும் குறையும். அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு நாடகம் போடத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அனுமதி கொடுத்தார். நான் இத்தாலிக் கிழவர் கதையை எழுதினேன். சூரியன் ஓடவில்லை, பூமிதான் ஓடுகிறது என்று அவர் சொன்னதும், பெரிய மதகுருமார் சிவப்பு அங்கியோடு சபை கூட்டி, அவரை முழங்காலில் நிறுத்தி, சொன்னது தப்பு என்று சொல்ல வைத்து, வீட்டுக் காவலில் போட்டார்கள் அல்லவா, அதுதான் நாடகம். திட்டம் போட்டுத்தான் வாத்தியார் இந்தக் கதையை எடுத்தார் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். சத்தியமாக இல்லை. எனக்கு அவ்வளவு மூளை கிடையாது. தோட்டத்தில் நடிக்கத் தெரிந்தவர் ராஜபார்ட்காரர் ஒருவர்தான், கூப்பிட்டேன்.

அவரோடு ஒத்திகை பார்ப்பது பெரும் பாடு. இத்தாலிக் கிழவர் வரவுப் பாட்டுப் பாடி மூன்று சுற்றுக் குதித்துத்தான் உள்ளே வருவார் என்றார். ஒப்புக்கொண்டேன். கிரீடம் வேண்டும் என்றார். கத்தினேன். கடைசியில் ஜரிகைத் தலைப்பாகையில் சமாதானம் ஆனது. தூரதரிசினிக் குழாயை பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் சிங்களத் தச்சர் மூங்கிலில் செய்து கொடுத்தார். இதில் சந்திரன் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். உள்ளே கண்ணாடி இல்லை, தெரியாது என்றேன். "எஹெனங் மொகடத?" பிறகு எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

முழங்கால் போடும் இடத்தில்தான் ராஜபார்ட்காரர் முரண்டு பிடித்தார்.

"முட்டி போடுறது வெள்ளக்காரன் பழக்கம். நாங்க விழுந்தா முழுசாத்தான் விழுவோம். ஆனா கெழவன் ஏன் விழுறான்? சொன்னது நெசந்தானே?"

"நெசந்தான். வயசாயிருச்சு. உடம்பு முடியல" என்றேன். "மக ஒருத்தி இருந்தா. கன்னியா மடத்துல."

"மகளுக்காக விழுந்தானா?"

"தெரியாது. புத்தகத்துல அப்படிப் போடல."

மூங்கில் குழாயை எடுத்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். பிறகு, "விழலாம்" என்றார். ஆனால் ஒத்திகையில் ஒரு நாளும் விழுந்து காட்டவில்லை. அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டிக் கழித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட முற்றத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடை. தோட்டமே வந்துவிட்டது. ஒதுக்கி வைக்கப்பட்டவர் நடிக்கிறார் என்று பெரிய கங்காணி வராமல் இருந்துவிடுவார் என நினைத்தேன். ஆனால் முன் வரிசை நாற்காலி அவருடையது. அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால்? வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக வந்து உட்கார்ந்தார்.

வரவுப் பாட்டு அமர்க்களம். வியாழனாக ஒரு பிள்ளை நிற்க, நாலு பெண்பிள்ளைகள் பித்தளைத் தட்டு ஏந்திச் சுற்றி ஓடினார்கள். நாலாவது சந்திரனுக்குப் பாவாடை தடுக்கி வியாழன் மேலேயே மோதியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு சபை கூடியது. ஸ்டோர் கணக்கப்பிள்ளை சிவப்புச் சேலையைப் போர்த்திக்கொண்டு தலைமைக் குருவாக நின்றார். பூமி ஓடவில்லை என்று சொல் என்றார். ராஜபார்ட்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக் கீழே வைத்தார். ஒரு தரம் சனத்தைப் பார்த்தார். மகள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "பூமி ஓடலைங்க" என்றார். அந்த நெடிய உடம்பு அப்படியே மேசைமேல் விழுந்தது.

என் எழுத்துப்படி கணக்கப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே தீர்ப்பு வாசிக்க வேண்டும். வாசித்தார். அதுவோ நீளமான தீர்ப்பு, எழுதியவன் நான் அல்லவா. கீழே மனிதர் அசையாமல் கிடக்கிறார்.

"பெரிய மனுசன் விழுந்து கெடக்குறாரு, தூக்காம நிக்கிறானே" என்றது ஒரு பொம்பிளைக் குரல். இன்னும் பத்துக் குரல் சேர்ந்தது. பெரிய கங்காணி நாற்காலியில் நெளிந்தார். முப்பது வருஷமாக விழுந்தவர்களைத் தூக்கிய கை. திடீரென்று எழுந்து மேடையில் ஏறினார்.

"தள்ளுய்யா. நாயம் தெரியாத பய" என்று தலைமைக் குருவை ஒதுக்கிவிட்டார். குனிந்தார். இரண்டு தோளையும் பிடித்தார். "எந்திரிப்பா" என்று தூக்கி நிறுத்தி, மடியில் இருந்த பையைத் திறந்து கிழவர் நெற்றியில் திருநீறு பூசினார். பழக்க தோஷத்தில் தப்புக்காரரும் ஓங்கி ஒரு முழக்கு முழக்கினார்.

அந்தச் சத்தத்தில்தான் எல்லாருக்கும் உறைத்தது. பெரிய கங்காணிக்கு உறைத்ததை முகத்திலேயே பார்த்தேன். விழுந்தாயிற்று, தூக்கியாயிற்று, திருநீறு பூசியாயிற்று, தப்பும் அடித்தாயிற்று. வழக்கு முடிந்தது. முதலில் பெண்கள் பக்கம்தான் சிரிப்பு ஆரம்பித்தது. பிறகு முற்றம் முழுவதும். நான் மறைவில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், பயந்தும் போனேன். பெரிய கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, சிரிப்பா கோபமா என்று தெரியாத குரலில், "வாத்தியாரே, நாடகம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. எழுந்த கிழவர், ஆனாலும் ஓடுகிறது என்று மெல்ல முணுமுணுத்ததாக ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, நானும் எழுதி வைத்திருந்தேன். ராஜபார்ட்காரர் தோளில் கங்காணி கை அப்படியே இருக்க, சனத்தைப் பார்த்து, பின்வரிசை வரை கேட்கும் ராஜாக் குரலில் சொன்னார்:

"ஆனாலும் மாட்டுப்பட்டி பீலிக்கு மேலதான் இருக்கு."

பெரிய கங்காணி கையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். முடிந்த வழக்கைத் திறக்க அவருக்கும் உரிமை இல்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. தப்பு வந்தது, சனம் வந்தது, மாப்பிள்ளை வீட்டார் ஒரு லாரி நிறைய வந்து இறங்கினார்கள். சபைத் தலைவருக்குத்தான் முதல் செம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மணப்பெண்ணின் அப்பா இரண்டு கையாலும் செம்பை ஏந்திப் பெரிய கங்காணி முன்னால் நின்றார். கங்காணி வாங்கிக்கொண்டார். வாய்ப் பக்கம் கொண்டுபோனவர் நிறுத்தி, உள்ளே உற்றுப் பார்த்தார்.

"எந்தத் தண்ணி?"

"நம்ம பீலித் தண்ணிதாங்க. வேற ஏது?"

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் செம்பைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்தார். "பொண்ணு மாப்பிள்ளைய கூப்பிடு, ஆசீர்வாதம் பண்ணணும்" என்றார்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் நாலு ஆளைத் தனியாகப் பிரித்து, கடப்பாரை கொடுத்து மாட்டுப்பட்டிக்கு அனுப்பினார். ராஜபார்ட்காரரைக் கூப்பிட்டு, பட்டியைக் கீழே எந்த இடத்தில் கட்டலாம் என்று நீயே போய்க் காட்டு என்றார்.